அவன் சாமி கும்பிடுவதில்லை, அக்கா!

போன மாதம் புக்கிட் ரோத்தானில் ஒரு கல்யாண விருந்து. பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், பழைய தோட்டத்தில் எங்கள் லயத்துக்கு அடுத்த லயத்தில் இருந்த அக்கா. முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறி, பிறகு துண்டாடப்பட்ட பின் இப்போது பெஸ்தாரி ஜெயா பக்கம் மலிவு விலை வீட்டில் இருக்கிறார். பத்தாங் பெர்ஜுந்தை என்று சொன்னால்தான் அவருக்கு ஊர் மாதிரி இருக்கும்.

அவருடைய கடைசிப் பையன் போதைப்பொருள் வழக்கில் உள்ளே இருக்கிறான். அது எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை. அன்று அவராகவே பேசினார்.

"தம்பி, போன வாரம் அவனப் பாக்கப் போனேன். 'அம்மா, இனிமே எனக்காக நேர்த்திக்கடன் வைக்காதீங்க. எனக்குச் சாமி மேல நம்பிக்கை இல்ல'ன்னு சொல்லிட்டான். அவன் ஜெயிலுக்குப் போன அன்னைக்குக்கூட நான் இப்படி அழல. சாமியும் இல்லாம அவன் அங்க எப்படி இருப்பான்?"

சாதத்தில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பதில் வரவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்விதான். இந்த வாரப் பக்கத்தை அந்த அக்காவுக்குச் சொல்லும் பதிலாகவே எழுதுகிறேன்.

சிறைக்கும் சாமிக்கும் உள்ள உறவு நமக்குப் புதிதில்லை. கண்ணன் பிறந்ததே சிறையில்தான். அப்பரை ஏழு நாள் சுண்ணாம்புக் காளவாயில் அடைத்தார்கள் என்று பெரியபுராணம் சொல்கிறது. ராமருக்குக் கோயில் கட்டிய பத்ராசலம் ராமதாசர் கோல்கொண்டாச் சிறையில் கிடந்தார். துன்பத்தில் இருப்பவனுக்குச் சாமி அருகில் வரும் என்பது நம் பாட்டிமார் நமக்கு ஊட்டிய சோறு. அதனால்தான், உள்ளே போன பிள்ளை சாமியை விட்டுவிட்டான் என்றதும் தாய்க்கு நெஞ்சு நடுங்குகிறது.

ஆனால் உண்மையில் சிறை ஒவ்வொருவரையும் ஒவ்வொரு பக்கம் தள்ளியிருக்கிறது. மூன்று பேரைப் பார்ப்போம்.

முதலாமவர் அரவிந்தர். அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் 1908 மே மாதம் கைதாகி, ஓராண்டு சிறையில் இருந்து 1909 மே மாதம் விடுதலையானார். வெளியே வந்த சில நாட்களில் உத்தரபாராவில் பேசினார். சிறைச் சுவரிலும், முற்றத்து மரத்திலும், கூட இருந்த திருடர்கள் கொள்ளைக்காரர்கள் முகத்திலும் வாசுதேவனையே கண்டதாக அங்கே சொன்னார். அரசியல்வாதியாக உள்ளே போனவர், அடுத்த ஆண்டே புதுச்சேரிக்குப் போய் யோகியாக வாழ்ந்தார்.

இரண்டாமவர் நம் வ.உ.சி. அதே 1908-இல் தண்டிக்கப்பட்டவர். கோவைச் சிறையில் செக்கிழுத்த கதை நமக்குத் தெரியும். தெரியாத இன்னொரு பக்கமும் உண்டு. சைவப் பற்றுள்ள அவர், உள்ளே இருந்தபோது ஜேம்ஸ் ஆலன் எழுதிய ஆங்கில நூலை 'மனம்போல வாழ்வு' என்று தமிழாக்கினார். 'மெய்யறிவு', 'மெய்யறம்' ஆகிய நூல்களையும் சிறையில் எழுதினார். அவருக்குப் பக்தி இருந்தது. ஆனால் அந்தப் பக்தி அவரைக் கண்ணை மூடி உட்கார வைக்கவில்லை. மனிதன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எழுத வைத்தது.

மூன்றாமவர் பகத்சிங். 1930 அக்டோபரில் லாகூர் மத்தியச் சிறையில் இருந்தபோது, கத்தர் இயக்கத்தைச் சேர்ந்த முதியவர் ஒருவரும் அங்கே கைதியாக இருந்தார். ஆழ்ந்த கடவுள் பக்தர். இளைஞனின் மனத்தை மாற்றப் பார்த்தார். முடியாதபோது, புகழ் தலைக்கேறிவிட்டது, அதனால் வந்த ஆணவம் இது என்று கோபப்பட்டார். அந்தக் குற்றச்சாட்டுக்குப் பதிலாக பகத்சிங் எழுதியதுதான் 'நான் ஏன் நாத்திகன்?' என்ற கட்டுரை. அதே அக்டோபர் 7-ஆம் தேதி மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1931 மார்ச் 23-இல் தூக்கிலிடப்பட்டபோது அவருக்கு வயது 23.

அக்கா, அந்தக் கட்டுரையில் உங்களுக்காகவே எழுதியது போல ஒரு பகுதி இருக்கிறது. கடவுள் நம்பிக்கை கஷ்டத்தின் சுமையைக் குறைக்கும், மனிதனுக்கு ஆறுதலும் ஊன்றுகோலும் தரும் என்று அவரே ஒத்துக்கொள்கிறார். அது இல்லாதவன் தன் சொந்தக் காலில்தான் நிற்க வேண்டும், அது சுலபமில்லை என்கிறார். அதற்கு முன் 1927-இல் முதன்முறை கைதானபோது, தினமும் இரண்டு வேளை பிரார்த்தனை செய்யும்படி போலீஸ் அதிகாரிகள் சொன்னார்களாம். அப்போது தன்னையே சோதித்துப் பார்த்திருக்கிறார்: நிம்மதியாக இருக்கும்போது மட்டும்தான் நான் நாத்திகனா, நெருக்கடியிலும் நாத்திகனா? யோசித்துப் பார்த்து, பிரார்த்தனை செய்வதில்லை என்று முடிவெடுத்தார்.

இது திமிர் பிடித்தவன் செய்கிற காரியமா? தனக்குள்ளே வழக்கு நடத்தி, தனக்கே தீர்ப்புச் சொன்னவன் செய்கிற காரியம். அந்தக் கட்டுரையைத் தமிழில் பெயர்த்த ஜீவா அதற்காகக் கைது செய்யப்பட்டார் என்பதையும் நினைத்துப் பாருங்கள். கடவுள் இல்லை என்று ஒரு சிறைவாசி எழுதியதை மொழிபெயர்த்தவருக்கும் சிறை!

நம் மண்ணுக்கும் இந்தக் காற்று வந்தது. 1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்தார். 1954-இல் மறுபடியும் வந்தார். தோட்டத்து லயங்களில் சுயமரியாதைத் திருமணங்கள் நடந்தன. ஒரே லயத்தில் முனியாண்டிக்குக் கிடா வெட்டியவரும் இருந்தார், கருப்புச் சட்டைக்காரரும் இருந்தார்.

கொள்கைக்காகச் சிறை போனவரும் நமக்கு அந்நியரில்லை. அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி பிடிபட்டது நம் ரவாங், வாட்டர்ஃபால் தோட்டத்துப் பக்கம்தான். 1949 மே 4-ஆம் தேதி புடு சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அவரைப் பற்றிப் பேசும்போது, தொழிலாளிக்காக நின்றார் என்றுதான் நம் பெரியவர்கள் சொன்னார்கள். எந்தக் கோயிலுக்குப் போனார் என்று யாரும் கேட்டதில்லை.

'கணபதியும் பகத்சிங்கும் தியாகிகள், என் மகன் அப்படியா?' என்று கேட்பீர்கள். நியாயம்தான். உங்கள் மகன் தப்புச் செய்து உள்ளே போனவன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 2013-இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. அந்த மாதிரிக் கும்பல்களில் போய் விழுந்த நம் பையன்களில் எத்தனை பேர் கையில் சாமிப் படம் பச்சை குத்தியிருக்கிறார்கள்! எத்தனை பேர் திருவிழாவில் முன்னால் நின்று காவடிக்கு வழிவிடச் சொல்கிறார்கள்! பச்சை குத்திய சாமி அந்தக் கையைத் தடுக்கவில்லை. சாமியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கும்பிடுவது வேறு, ஒழுங்காக நடப்பது வேறு என்பதை வசதியாக மறந்துவிடுகிறோம், அதற்காகத்தான்.

அப்படியானால் கும்பிடாமல் இருப்பது நல்லதா? அதுவும் தானாக நல்லதாகிவிடாது. 'சாமி இல்லை, அதனால் கேட்பார் இல்லை' என்று நினைப்பவனும் உண்டு. 'சாமி மன்னித்துவிடும்' என்று நினைத்துத் தப்பிப்பவனும் உண்டு. இரண்டு பேரும் ஒரே குட்டையில் ஊறியவர்கள்தான். 'செய்தது நான், பொறுப்பும் என்னுடையது' என்று ஒருவன் எந்த வழியாக வந்து சேர்ந்தாலும் அது நல்ல வழி.

இன்னொரு விஷயமும் மாறியிருக்கிறது. 2023 ஜூலை 4 முதல் நம் நாட்டில் கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்டது. போதைப்பொருள் கடத்தல் வழக்கிலும் நீதிபதி இப்போது தூக்குக்குப் பதில் 30 முதல் 40 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்கலாம். பகத்சிங் தன் கேள்வியோடு சில மாதங்கள் இருந்தார். நம் பிள்ளைகளில் சிலர் பல பத்தாண்டுகள் இருக்கப் போகிறார்கள். சாவை எப்படிச் சந்திப்பது என்ற கேள்வி, இத்தனை வருடத்தை எப்படி வாழ்வது என்று மாறிவிட்டது. அவ்வளவு நீண்ட காலத்தில் ஒருவன் நம்பலாம், விடலாம், மறுபடி நம்பலாம். உங்கள் மகன் இன்று சொன்னது அவனுடைய கடைசி வார்த்தை இல்லை, அக்கா. கடைசி வார்த்தையாகவே இருந்தாலும், அதை உங்களிடம் மறைக்காமல் சொன்னானே! நன்னடத்தைக்காகப் பக்தி வேஷம் போடுவது சுலபம். அம்மாவைச் சந்தோஷப்படுத்த ஒரு பொய் சொல்வது அதைவிடச் சுலபம். இரண்டையும் அவன் செய்யவில்லை.

எங்கள் லயத்துக் கருப்புச் சட்டைத் தாத்தாவை உங்களுக்கு நினைவிருக்கும். ஒருமுறை லயத்துப் பையன் ஒருவன் அடிதடி வழக்கில் மாட்டிக்கொண்டான். அப்பா இல்லாத பிள்ளை. ஒவ்வொரு தவணைக்கும் அவன் அம்மாவோடு கோர்ட்டுக்குப் பஸ் ஏறியவர் அந்தத் தாத்தாதான். ஒருநாள் அம்மாவுக்குக் காய்ச்சல். பூசாரி மடித்துக் கொடுத்த விபூதிப் பொட்டலத்தைத் தாத்தாவிடம் தயங்கித் தயங்கி நீட்டினார். தாத்தா அதை வாங்கிக் கருப்புச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். கோர்ட்டு வராந்தாவில் பையன் கையில் கொடுத்துவிட்டு வந்தார். வாயடித்த யாரோ கேட்டதற்கு, "எனக்கு நம்பிக்கை இல்லப்பா. அவங்கம்மாவுக்கு இருக்குல்ல" என்றார். அவ்வளவுதான்.

தாத்தா தன் கொள்கையை விடவில்லை. அந்தத் தாயின் நம்பிக்கையையும் அவமதிக்கவில்லை. இப்போது அதே காரியத்தைத் திருப்பிச் செய்ய வேண்டிய முறை உங்களுடையது. நீங்கள் விளக்கேற்றுங்கள், அது உங்களுக்காக. அவனைப் பார்க்கப் போகும்போது அதைப் பேச்சாக்காதீர்கள். வீட்டு வாசலில் மா காய்த்ததைச் சொல்லுங்கள். தங்கச்சி புது வேலைக்குப் போவதைச் சொல்லுங்கள். என்ன படிக்கிறாய் என்று கேளுங்கள். அனுமதித்தால் புத்தகம் கொடுங்கள்.

நம் கோயில் நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை. கும்பாபிஷேகத்துக்கு ஆயிரக்கணக்கில் வெள்ளி சேர்க்கிறோம். உள்ளே இருந்து வெளியே வரும் பையனுக்கு ஒரு வேலை, ஒரு சிபாரிசுக் கடிதம், பந்தியில் ஓர் இடம் கொடுக்கிறோமா? அவன் விபூதி பூசியிருக்கிறானா என்று பார்த்துவிட்டுத்தான் கொடுப்போமா?

நேற்று அக்காவுக்குப் போன் செய்து இதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டார்: "சரி தம்பி, சாமியப் பத்திப் பேசல. 'ஒழுங்கா சாப்பிட்டியா'ன்னு கேக்கலாம்ல?"

தாராளமாகக் கேளுங்கள், அக்கா.