எதை அளந்தீர்கள்?

சென்ற ஆண்டு என் வேலையிடத்தில் எல்லோருக்கும் ஆளுமைச் சோதனை வைத்தார்கள். ‘கூட்டத்தில் நானே முதலில் பேசத் தொடங்குவேன்’ என்ற கூற்றுக்கு ‘இல்லை’ என்று குறித்தேன். பெரியவர்கள் பேசி முடிக்கும்வரை காத்திருக்கச் சொல்லி வளர்த்த வீடு என்னுடையது. ‘தலைமைப் பண்பு குறைவு’ என்று அறிக்கை வந்தது. குழுத்தலைவர் பொறுப்பு இன்னொருவருக்குப் போனது.

சொந்த மனக்குறை என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். குடியேறிகளுக்கு இது நூறாண்டுக் கதை. முதல் உலகப் போரின்போது அமெரிக்க இராணுவம் ஏறத்தாழ 17 லட்சம் பேருக்கு நுண்ணறிவுச் சோதனை நடத்தியது. ‘கிரிஸ்கோ’ என்பது மருந்தா, கிருமிநாசினியா, பற்பசையா, உணவுப் பொருளா என்பது அதில் ஒரு கேள்வி. அது அமெரிக்கச் சமையற்கொழுப்பு ஒன்றின் வணிகப் பெயர். ஆங்கிலத்தைத் தட்டுத்தடுமாறிப் படிக்கும் இத்தாலியக் குடியேறிக்கு அது தெரியாவிட்டால் அறிவு குறைவாம்!

அந்த மதிப்பெண்களை வைத்து 1923இல் கார்ல் பிரிகாம் ஒரு நூல் எழுதினார். அமெரிக்காவில் அதிக ஆண்டுகள் வாழ்ந்த குடியேறிகள் அதிக மதிப்பெண் பெற்றிருந்ததை அவரே கண்டார். மொழியும் பழக்கமும் கூடக்கூட மதிப்பெண்ணும் கூடுகிறது என்று சிறுபிள்ளைகூடச் சொல்லும். அவரோ, பின்னால் வந்தவர்கள் தரம் குறைந்த இனத்தவர் என்றார். மறு ஆண்டே தென், கிழக்கு ஐரோப்பியரின் வரவைக் குறுக்கி, ஆசியரில் பெரும்பாலோருக்குக் கதவை மூடிய சட்டம் வந்தது. 1930இல் பிரிகாம் தன் முடிவுகள் ஆதாரமற்றவை என்று எழுத்திலேயே ஒப்புக்கொண்டார். நாட்டுவாரி ஒதுக்கீடோ 1965 வரை நீடித்தது.

‘எத்தனை முறை வைத்தாலும் அதே விடைதான் வரும், நம்பகமான சோதனை’ என்பார்கள். வரத்தான் செய்யும், என் வளர்ப்பு வாராவாரம் மாறுவதில்லையே! நம்பகத்தன்மை வேறு, ஏற்புடைமை வேறு. ஒரு சோதனை, தான் சொல்லும் பண்பைத்தான் அளக்கிறது என்பதைத் தொடர்ந்த ஆய்வால் நிறுவ வேண்டும் என்று குரோன்பாக்கும் மீலும் 1955இலேயே விளக்கிவிட்டார்கள். அதிக மதிப்பெண் பெற்றவர்கள் உண்மையில் நன்றாக வழிநடத்தினார்களா? வேறு பண்பாட்டில் வளர்ந்தவர்களிடமும் அது பொருந்தியதா?

மென்பொருள் பிழையின்றி ஓடுகிறதா என்பதையும், பயனருக்கு வேண்டியதைச் செய்கிறதா என்பதையும் என் தொழிலில் தனித்தனியே சோதிப்போம். இரண்டாவதைத் தவறவிட்டால் பணம் வராது. மனிதரை எடைபோடும் கருவிக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை?

நான் கேட்டபோது, ‘உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள்’ என்றார்கள். ஜாதகத்தையும்தான் பயன்படுத்துகிறார்கள். அடுத்த முறை அந்தத் தாளை நீட்டினால், நிரப்புவதற்கு முன்பே கேளுங்கள்: இதை யாரிடம் சரிபார்த்தீர்கள்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். நான் காலந்தாழ்த்திக் கேட்டேன்.