இணைக்கலாம், இட்டு நிரப்பலாமா?

பல புகைப்படங்களைக் கணிப்பொறியில் இணைத்து ஒரே நீண்ட படமாக்குவது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்று கைவந்த கலை. கராடியில் நான் வசிக்கும் குடியிருப்பின் தமிழ் இளைஞர்கள் முளா முட்டா ஆற்றங்கரையை அப்படி எடுத்து வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்கள். பார்க்க மகிழ்ச்சிதான். ஆனால் இக்கலையின் மேலான பயன் நம் சொந்த ஊர்க் கோயில் சுவர்களில் இருக்கிறது என்பது என் தாழ்மையான கருத்து.

இது புதிய யோசனை அல்ல. 1858-ஆம் ஆண்டிலேயே, சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாகப் படமெடுத்தார். 21 அச்சுகளை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்தில் ஒரே படமாக்கினார். கணிப்பொறி ஏது அன்று? பொறுமைதான் கருவி.

இன்று ஃபோட்டோஷாப்பும், இலவசமாகக் கிடைக்கும் ஹியூகினும் அந்த வேலையைச் சில நிமிடங்களில் முடிக்கின்றன. அடுத்தடுத்த இரு படங்களில் பொதுவாக உள்ள புள்ளிகளைத் தேடிப் பொருத்துவதே அவற்றின் முறை. ரயில்வேயில் நீண்ட யார்டு வரைபடங்களைத் தாள் தாளாக ஒட்டிய எனக்கு இது புரியாத விஷயமல்ல. ஒரு தாளின் ஓரம் அடுத்த தாளிலும் இருந்தால்தான் கோடு சேரும்.

எங்கள் ஊர்ச் சிவன் கோயில் திருப்பணிக்கு முன், தெற்குச் சுவரின் கல்வெட்டை என் தம்பி மகன் எட்டுப் படங்களாக எடுத்தான். இணைத்தபோது, ஐந்தாவதற்கும் ஆறாவதற்கும் நடுவில் இரண்டு சாண் அகலம் விட்டுப்போயிருந்தது. மென்பொருள் அதைக் கல்லும் எழுத்துமாகத் தானே நிரப்பிக் கொடுத்தது. பார்வைக்குக் குறையே இல்லை. வாசிக்கப் போனால் அவை எந்த மொழி எழுத்தும் அல்ல! இப்போது அந்தச் சுவரின் மேல் சிமெண்ட் பூச்சு. மறுபடி எடுக்க வழியில்லை.

"மாட்டி வைக்கும் படம்தானே, மாமா?" என்று இளைஞர்கள் கேட்கலாம். வானத்தையோ புல்வெளியையோ நிரப்பினால் யாருக்கும் நஷ்டமில்லை. கல்வெட்டு அப்படியல்ல. தஞ்சைக் கல்வெட்டுகளில் நகைகளின் எடையும், 400 தளிச்சேரிப் பெண்களின் பெயர்களும் உள்ளன. அங்கே ஓர் எழுத்தை இட்டுக்கட்டினால் ஒரு பெயரே மாறிவிடும். வெற்றிடம் நேர்மையானது. இங்கே ஏதோ இருந்தது என்றாவது அது சொல்லும்.

ஆகவே, விடுமுறைக்கு ஊர் செல்லும் அன்பர்களுக்குச் சில வார்த்தைகள். நின்ற இடத்திலிருந்து கைபேசியைச் சுழற்றி எடுத்தால் நேரான சுவர் வில்லாக வளையும். சுவரிலிருந்து ஒரே தூரத்தில், பக்கவாட்டில் நகர்ந்து எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் முந்தைய படத்தின் மூன்றில் ஒரு பங்காவது வரட்டும். வெளிச்ச அளவை மாற்றாதீர்கள். சாய்ந்த வெயிலில் எழுத்து தெளிவாகத் தெரியும். கோயில் நிர்வாகத்திடம் அனுமதி பெறுங்கள். இணைத்த படத்தோடு மூலப் படங்களையும் தேதியிட்டுப் பாதுகாத்து வையுங்கள். விட்டுப்போன இடத்தை வெற்றிடமாகவே விடுங்கள்.

இங்கே வளரும் நம் பேரக்குழந்தைகளில் பலருக்குத் தமிழ் எழுத்தே தடுமாற்றம். நாளை அவர்களில் ஒருவர் படிக்க முன்வந்தால், கையில் கிடைப்பது உண்மையான எழுத்தாக இருக்கவேண்டாமா?