வாசகர் கேள்வி: மருந்துக்குத் தடை போட்டால் நஷ்டம் விவசாயிக்குத்தானே?

கேள்வி: கும்பப்பூ நெல்லும் கொஞ்சம் வாழையும் சாகுபடி செய்கிறேன். தற்கொலையைத் தடுக்கப் பூச்சிமருந்துகளுக்கு அரசாங்கம் தடை போடுகிறது. சாக முடிவெடுத்தவர் வேறு வழி தேட மாட்டாரா? விளைச்சல் குறைந்தால் யார் பொறுப்பு?
– ஒரு வாசகர், தோவாளை வட்டம்.

பதில்: உங்கள் கேள்விக்கு இலங்கையின் அனுபவமே பதில் சொல்கிறது. 1995-ல் அங்கே ஒரு லட்சம் பேருக்குச் சுமார் 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். அவர்களில் பலரின் உயிரைப் பறித்தது வயலுக்கு வாங்கிய மருந்து. மிகக் கொடிய நஞ்சுள்ள மருந்துகளை அரசு ஒவ்வொன்றாகத் தடை செய்தது. பத்தே ஆண்டுகளில் இறப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அதற்குள் அங்குள்ளவர்களின் கடனும் குடும்பச் சண்டையும் தீர்ந்துவிடவில்லை. கைக்கெட்டும் இடத்தில் இருந்த நஞ்சின் கொடுமை குறைந்தது, அவ்வளவுதான். நெல் விளைச்சலும் தடையால் குறையவில்லை என்று அங்கே ஆய்ந்து பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

'முடிவெடுத்தவர்' என்கிறீர்கள். பல நேரங்களில் அது முடிவல்ல. கோபத்திலும் அவமானத்திலும் வரும் ஒரு வேகம். அது தணிய அவகாசம் கிடைத்தால் உயிர் தப்பும். அப்படிப் பிழைத்தவர்களில் பெரும்பாலோர் மறுபடி அந்த வழிக்குப் போவதில்லை.

தமிழ்நாடு அரசு 2023-ல் 6 மருந்துகளுக்கு 60 நாள் தடை விதித்தது. ஏன் 60 நாள் மட்டும்? 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி மாநிலத்துக்கு உள்ள அதிகாரம் அவ்வளவுதான். மேலும் 30 நாள் நீட்டிக்கலாம். நிரந்தரத் தடை மத்திய அரசின் கையில் இருக்கிறது. 2030-க்குள் தற்கொலை இறப்பை 10 சதவீதம் குறைப்போம் என்று 2022-ல் தேசியக் கொள்கை அறிவித்ததும் அதே அரசுதான். ஆகவே நாம் அங்கே கேட்க வேண்டியது, கொடிய மருந்துக்கு நிரந்தரத் தடையும், அதற்கு ஈடான மாற்று மருந்தும்.

'வீட்டில் பூட்டி வைத்தால் போதாதா?' என்றும் சிலர் கேட்கிறார்கள். இலங்கையில் 180 கிராமங்களை எடுத்துக்கொண்டு, பாதிக் கிராமங்களில் வீடுதோறும் பூட்டுப் பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். 2017-ல் முடிவு வெளியானது: நஞ்சு குடிப்பது குறையவில்லை. எனவே, பூட்டை மட்டும் நம்ப வேண்டாம். அந்தத் தெளிப்புக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். மிச்சம் வைத்து வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

வீட்டில் யாராவது பேச்சைக் குறைத்து, 'நான் இல்லாவிட்டால் நல்லது' என்று சொன்னால் அதட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். 14416-க்கு எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

யாராவது நஞ்சு குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். மருந்து டப்பாவையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். போலீஸ் கேஸ் ஆகுமே என்று தயங்க வேண்டாம். 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. அவருக்குச் சிகிச்சையும் பராமரிப்பும் தருவது அரசின் கடமை.