இரும்பைத் தின்பது துருவா, துரைத்தனமா?

மட்டக்களப்பு வாவியின் குறுக்கே கல்லடியில் நிற்கும் பழைய இரும்புப் பாலத்தை அறியாத ஈழத்தமிழர் இலர். மனிங் தேசாதிபதியின் துணைவியார் பெயரால் ‘லேடி மனிங் பாலம்’ என வழங்கப்பெற்ற அது, 1924ஆம் ஆண்டில் எழுந்தது என்பர். ஏறக்குறையத் தொண்ணூறு ஆண்டுகள் நகரத்தையும் கரையோர ஊர்களையும் இணைத்து நின்றது. நிலாக்காலத்து இரவுகளில் மீன் பாடும் ஓசை கேட்க மக்கள் கூடியதும் அங்கேதான். 2013 மார்ச் 22இல் அதன் அருகே அகன்ற புதிய பாலம் திறந்து வைக்கப்பட்டது. புதிய பாலம் வேண்டியதே; அதனை நாம் மறுக்கவில்லை. பழையதன் கதி யாது என்பதே நம் கேள்வி.

“தெல்லிப்பழையில் இருப்பவர்களுக்கு மட்டக்களப்புப் பாலத்தில் என்ன அக்கறை?” எனச் சிலர் கேட்கலாம். இரும்பு எப்படி மறைகிறது என்பதைக் கண்ணாரக் கண்டவர்கள் நாம். 1905இல் கொழும்பு முதல் காங்கேசன்துறை வரை முழுமை பெற்ற புகையிரதப் பாதை, 1990இல் நம்மூரில் ஓய்ந்தது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குப் போயின. 2015 ஜனவரி 2இல் காங்கேசன்துறைக்கு மீண்டும் வண்டி வந்தது. வந்தது புதிய தண்டவாளத்தின் மேல். பழைய இரும்புக்குக் கணக்குக் காட்டியவர் எவர்? பொதுச்சொத்து என்றால் கேட்பாரற்ற சொத்து என்பதே இந்நாட்டில் எழுதாச் சட்டமாயிற்று. யுத்தத்தில் போனதற்கு யுத்தத்தைச் சாட்டலாம். சமாதான காலத்தில் துருவுக்கு இரையாக விடுவதற்கு எதைச் சாட்டுவது?

இத்தகைய பாலத்தின் அமைப்பைச் சிறிது நோக்குக. குறுகிய இரும்புத் துண்டுகளை முக்கோணம் முக்கோணமாகக் கோத்து, தறையாணிகளால் இறுக்கிய சட்டகம் அது. கோத்ததைக் கழற்றலாம். ஒவ்வொரு உறுப்புக்கும் இலக்கமிட்டு, துருவைச் சுரண்டி, அரித்துப்போன உறுப்புகளை மட்டும் மாற்றி, வர்ணம் பூசி, நின்ற இடத்திலோ வேறிடத்திலோ மீண்டும் நிறுத்தலாம். கொங்கிறீற்றுப் பாலத்தை உடைத்தால் மிஞ்சுவது கற்குவியல். இரும்புப் பாலத்தைக் கழற்றினால் மிஞ்சுவது பாலமே! இரண்டாம் உலக யுத்தத்தில் வந்த ‘பெய்லி’ பாலங்களைச் சிப்பாய்கள் ஆற்றங்கரையிலேயே பூட்டினர். தேவை தீர்ந்ததும் கழற்றி அடுத்த ஆற்றுக்குக் கொண்டு சென்றனர். படைக்குக் கைவந்த வித்தை வீதித் திணைக்களத்துக்கு மட்டும் கைவராதோ?

“பணம் இல்லை” என்பது முதலாவது சாட்டு. உடைப்பதற்குப் பணம் வேண்டாமா? அமெரிக்காவில் 1987இல் இயற்றப்பட்ட சட்டம் இந்தச் சாட்டின் வாயை அடைத்தது. மத்திய அரசின் பணத்தில் புதுப்பாலம் கட்டுவதற்காக ஒரு வரலாற்றுப் பாலத்தை அகற்ற எண்ணும் மாநிலம், அதனைப் பேணி வைத்திருக்க இசையும் உள்ளூராட்சிக்கோ பொறுப்புள்ள அமைப்புக்கோ கொடையாகத் தர முதலில் முன்வரவேண்டும். உடைக்க ஆகும் செலவின் அளவுக்குப் பேணுவோருக்குப் பணமும் உதவலாம். மிச்சிகன் மாநிலத்தின் கல்ஹூன் கவுண்டியில், பல இடங்களிலிருந்து கழற்றி வரப்பட்ட பழம்பாலங்கள் செப்பனிடப்பட்டு ஒரு பூங்காவில் நடைபாலங்களாக நிற்கின்றன.

“பாரம் தாங்காது” என்பது இரண்டாவது சாட்டு. பஸ்ஸும் லொறியும் போகத்தான் புதுப்பாலம் இருக்கிறதே! நடப்பவனும் சைக்கிள்காரனும் என்ன பாரம்? அகமதாபாத்தில் 1892ஆம் ஆண்டின் எல்லிஸ் பாலத்துக்கு இருமருங்கும் புதிய பாலங்கள் எழுந்த பின்னரும், பழையதை உடைத்தெறிய அந்நகர மக்கள் ஒப்பவில்லை.

“வெள்ளைக்காரன் கட்டியது” என்பது மூன்றாவது சாட்டு. ஆணையிட்டவன் வெள்ளைக்காரன், வரி கொடுத்தவர்கள் இந்நாட்டு மக்கள். தேசாதிபதி போய்விட்டார்; பாலம் நம்முடையது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, நூறாண்டு கடந்த கட்டுமானத்தை அமைச்சர் வர்த்தமானி மூலம் பாதுகாக்கப்பட்ட சின்னமாகப் பிரகடனம் செய்யலாம். 1924இல் எழுந்த பாலத்துக்கு 2024இல் நூறு நிறைந்தது. இனி வயது போதாதென்று எவரும் தட்டிக்கழிக்க முடியாது. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென ஒரு ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டது. பாதுகாப்புச் செயலாளர் தலைமையில் அது நியமனம் பெற்றபோது, தமிழர் ஒருவரோ முஸ்லிம் ஒருவரோ அதில் இருக்கவில்லை. காட்டுக்குள்ளும் குன்றுகளின் மேலும் மரபுரிமை தேடப் புறப்பட்டவர்களுக்கு, வாவியின் நடுவே வெட்டவெளியில் நிற்கும் மரபுரிமை தெரியாமற் போனதேன்? பழமை என்பது ஓரினத்தின் பழமை மட்டுமே என்று கருதும் கண்ணுக்கு, எல்லா இனத்தவரும் நடந்த பாலம் எப்படித் தெரியும்?

நாம் கேட்பவை மூன்றே. கல்லடிப் பழம்பாலத்தை வர்த்தமானியில் பிரகடனம் செய்து, நடப்போருக்கும் சைக்கிளில் செல்வோருக்கும் உரிய பாலமாக நின்ற இடத்திலேயே செப்பனிடுக. இலங்கையெங்கும் எஞ்சியுள்ள பழைய இரும்புப் பாலங்களுக்கு இடம், ஆண்டு, நிலைமை குறித்த பகிரங்க இடாப்பு ஒன்று தயாரித்திடுக. இடம்பெயர்த்தே ஆகவேண்டிய பாலத்தை இரும்பு வியாபாரிக்கு ஏலம் விடுமுன் உள்ளூராட்சிச் சபைகளுக்கு அளிக்க வேண்டுமென்றும், உடைப்புச் செலவை அவற்றுக்கே கொடுக்க வேண்டுமென்றும் பாராளுமன்றத்தில் சட்டம் செய்க. நம் பகுதியில் தொடங்கி அராலியில் கடலேரி சேரும் வழுக்கியாற்றின் மேல் ஒரு சிறு நடைபாலம் வேண்டுமெனில், வலிகாமம் வடக்குப் பிரதேச சபையும் உரிமையோடு கேட்கும் நிலை அப்போது வரும்.

வாவியின் உப்புக்காற்று எந்த அமைச்சரின் கையொப்பத்துக்கும் காத்திருப்பதில்லை. கிழக்கின் பாராளுமன்ற உறுப்பினர்கள் இந்தக் கோரிக்கையைச் சபையில் எழுப்பட்டும். வடக்கின் உறுப்பினர்கள் அதனை வழிமொழியட்டும். எழுப்பாதவர்கள், அடுத்த தேர்தலில் மீன்பாடும் தேன்நாட்டின் பெருமை பேசி வாக்குக் கேட்க வரும்போது, மக்கள் அவர்களை அந்தப் பாலத்தடிக்கு அழைத்துச் சென்று துருவைக் காட்டிப் பதில் கேட்பார்களாக!