காந்த ஃபிரிட்ஜும் ஆய்வேட்டின் கடைசி வரியும்



கேஸ் இல்லாமல், கம்ப்ரஸர் இல்லாமல், காந்தத்தால் ஓடும் ஃபிரிட்ஜ் அடுத்த வருடமே வருகிறது என்ற வீடியோவை இந்த மாதம் நாலு பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். "சார், உண்மையா?" என்று கேள்வி வேறு. தத்துவம் உண்மை. அடுத்த வருடம் என்பது மட்டும் கதை. இதே துறையில் ஆராய்ச்சி செய்யும் நம் பிள்ளைகளோடு எனக்கு ஒரு சின்னச் சண்டையும் உண்டு. அதற்குத்தான் இவ்வளவு நீளப் பதிவு.

சில பொருள்களைக் காந்தப்புலத்துக்குள் வைத்தால் சூடாகும், வெளியே எடுத்தால் குளிரும். உள்ளே போனதும் அணுக்காந்தங்கள் ஒரே திசையில் வரிசை கட்டுகின்றன. அங்கே குறைந்த ஒழுங்கின்மை, அணுக்களின் அதிர்வில் கூடுகிறது, அதுதான் சூடு. அந்தச் சூட்டைத் தண்ணீரால் வாங்கிக்கொண்டு புலத்தை நீக்கினால், பொருள் முன்பைவிடக் குளிர்ந்து நிற்கும். 1917-ல் வெய்ஸும் பிக்கார்டும் இதை நிக்கலில் கண்டார்கள். 1933-ல் ஜியாக் இதே வழியில் 1 கெல்வினுக்கும் கீழே இறங்கினார்.

இந்த விளைவு கியூரி வெப்பநிலைக்கு அருகில்தான் உச்சத்தில் இருக்கும். கடோலினியத்துக்கு அது சுமார் 20 டிகிரி செல்சியஸ். அதனால் அறை வெப்பநிலையில் வேலை செய்ய அதுவே ராஜா. ஆனால் விலை அதிகம். போதாததற்கு 2025 ஏப்ரலில் சீனா அதன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடும் போட்டுவிட்டது.

இங்கேதான் பெரோவ்ஸ்கைட் ஆக்சைடுகள் வருகின்றன. லாந்தனம் மாங்கனீஸ் ஆக்சைடு தனியாக இருந்தால் ஃபெர்ரோ காந்தம் ஆகாது. சிலிக்கானில் மாசூட்டல் படித்தீர்களே, அதுபோல லாந்தனத்தில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுக் கால்சியமோ ஸ்ட்ரான்சியமோ வையுங்கள். (சிலிக்கானில் கலப்பது இம்மியளவு. இங்கே மூன்றில் ஒரு பங்குவரை போகும்.) மாங்கனீஸில் சில மூன்று மின்சுமையோடும் சில நான்கோடும் நிற்கும். நடுவிலுள்ள ஆக்சிஜன் வழியாக எலக்ட்ரான் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும். இரண்டின் காந்தமும் ஒரே திசையில் இருந்தால்தான் தாவுவது சுலபம். அந்தத் தாவலே எல்லாவற்றையும் ஒரே திசைக்குத் திருப்பிவிடுகிறது! 1950-ல் யோங்கரும் வான் சாண்டனும் இந்தக் காந்தத்தை அளந்தார்கள். மறு வருடமே ஸெனர் காரணம் சொன்னார்.

மூன்றில் ஒரு பங்கு கால்சியம் என்றால் கியூரி வெப்பநிலை சுமார் 265 கெல்வின். அதே அளவு ஸ்ட்ரான்சியம் என்றால் சுமார் 370. இரண்டையும் கலந்தால் நடுவில் எங்கே வேண்டுமோ அங்கே நிறுத்தலாம், பழைய ரேடியோவில் ஸ்டேஷன் பிடிப்பதுபோல. துருவும் பிடிக்காது. லாந்தனமோ நம் மணவாளக்குறிச்சி மணலின் மோனசைட்டிலேயே இருக்கிறது.

இனி சண்டைக்கு வருகிறேன். கால்சியத்துக்குப் பதில் பேரியம், மாங்கனீஸில் கொஞ்சம் இரும்பு என்று புதுப்புதுக் கலவை செய்கிறீர்கள். நல்லது. ஆனால் 5 டெஸ்லா புலத்தில் என்ட்ரோபி மாற்றத்தைக் கணக்கிட்டுவிட்டு, "இது காந்தக் குளிரூட்டலுக்கு ஏற்ற பொருள்" என்று கடைசி வரி எழுதிவிடுகிறீர்கள். 5 டெஸ்லாவுக்கு மீக்கடத்திச் சுருள் வேண்டும். அதை யார் வீட்டுச் சமையலறையில் வைப்பது? நிலைக்காந்தம் கொடுப்பது 1 முதல் 1.5 டெஸ்லாதான்.

நீங்களே கணக்குப் போடுங்கள். 1.5 டெஸ்லாவில் கிலோவுக்கு, கெல்வினுக்கு 2 ஜூல் என்ட்ரோபி மாற்றம் என்று வைத்துக்கொள்வோம். 300 கெல்வினால் பெருக்கினால் 600. இந்த ஆக்சைடுகளின் வெப்ப ஏற்புத்திறனும் கிட்டத்தட்ட 600 ஜூல். வகுத்தால் வருவது வெறும் 1 டிகிரி. கடோலினியத்தின் வெப்ப ஏற்புத்திறன் இதில் பாதிதான்; அது 2 டெஸ்லாவில் சுமார் 5 டிகிரி தரும். இந்த ஒப்பீட்டை ஆய்வேட்டில் காட்டாமல், வளைவின் உயரத்தை அகலத்தால் பெருக்கி "குளிர்த்திறன்" என்று பெரிய எண் ஒன்றைப் போடுவது எனக்குப் பிடிக்கவில்லை. வளைவு தட்டையாகப் படுத்துக்கிடந்தாலும் அகலமாக இருந்தால் அந்த எண் பெரிதாகவே வரும்.

1 டிகிரி என்பதால் பொருள் உதவாது என்று சொல்லவில்லை. பல அடுக்குகளை அடுக்கித் தண்ணீரை முன்னும் பின்னும் ஓட்டினால் அந்தச் சின்னச் சின்ன வித்தியாசங்களைச் சேர்த்துக்கொண்டே போகலாம். சூடான முனையிலிருந்து குளிர்ந்த முனைவரை ஒவ்வோர் அடுக்குக்கும் வேறு வேறு கியூரி வெப்பநிலை வேண்டும். மாசூட்டலின் பலமே அதுதானே! டென்மார்க்கில் கால்சியமும் ஸ்ட்ரான்சியமும் கலந்த இந்த ஆக்சைடைத் தகடுகளாக்கி, கருவியில் வைத்தே சோதித்திருக்கிறார்கள். தனியாக ஒரு புதுக் கலவையைவிட, 3 டிகிரி இடைவெளியில் வரிசையாக ஐந்து கலவை செய்து, ஒவ்வொன்றுக்கும் 1.5 டெஸ்லாவில் வெப்பநிலை மாற்றத்தை நேரடியாக அளந்து தருபவருக்குத்தான் நான் அதிக மதிப்பெண் போடுவேன்.

கையில் மாதிரி வைத்திருப்பவர்கள் உங்கள் 1.5 டெஸ்லா எண்ணைக் கீழே எழுதுங்கள். வெப்ப ஏற்புத்திறனையும் சேர்த்து எழுதுங்கள், வகுத்துப் பார்க்க எனக்கு நேரம் நிறைய இருக்கிறது.