இல்லத்து நஞ்சும் இயற்கை வாழ்வும்: ஒரு மறுப்புரை

அண்மைக் காலமாக எமது கருத்தரங்குகளிலும் பத்திரிகைகளின் குடும்பப் பக்கங்களிலும் ஓர் உபதேசம் ஓயாது ஒலித்து வருகின்றது. வீடுகளில் நஞ்சு நிறைந்துவிட்டது. பொலித்தீனை எறியுங்கள், மருந்தடித்த மரக்கறியை ஒதுக்குங்கள், முன்னோர் வாழ்ந்த இயற்கை வாழ்வுக்குக் குடும்பத்தோடு திரும்புங்கள் என்பதே அவ்வுபதேசமாகும். இல்லத்து நஞ்சு குறைய வேண்டும் என்பதில் எமக்கும் இருவேறு கருத்தில்லை. ஆயின், அந்த நஞ்சு எங்கிருந்து வருகின்றது, யாருடைய வீட்டில் அது அதிகம் தங்குகின்றது, அதனை வெளியேற்றும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்னும் மூன்று வினாக்களை இவ்வுபதேசிகள் எழுப்புவதேயில்லை. அவற்றை எழுப்பாத வரையில் இயற்கை வாழ்வு என்பது வசதி படைத்தோர் விலைகொடுத்து வாங்கும் இன்னொரு நுகர்பொருளாகவே முடியும் என்பது எமது வாதம்.

முதலில், எந்த முன்னோர் என்று கேட்போம். மாத்தளை மாவட்டத்தின் தோட்டப்புற மக்களை நோக்கி முன்னோரின் இயற்கை வாழ்வைப் பற்றிப் பேசுவது வரலாறு அறியாதார் கூற்றாகும். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே நடந்து மாத்தளையை அடைந்தவர்கள் அம்முன்னோர். அந்நடையை நினைவுகூர்ந்தே 2023ஆம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபவனி இடம்பெற்றது. வந்தவர்களுக்குக் கிடைத்தது காட்டை அழித்து எழுப்பிய கோப்பித் தோட்டமும், பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்து அறையுமே. 1869இல் இலங்கையிற் காணப்பட்ட இலைத்துரு நோய் அக்கோப்பியை அழித்தது. பின்னர் மலைகளைத் தேயிலை மூடியது. ஒரே பயிரை மலை முழுவதும் நட்டால் பீடையும் களையும் பெருகும். அவற்றை அழிக்க நஞ்சு வரும். ஆகவே தோட்டத்து வீட்டினுள் நுழைந்த நஞ்சு, இயற்கையை மறந்த ஒரு குடும்பத்தின் குற்றத்தால் வந்ததன்று. அது பெருந்தோட்டப் பொருளாதாரத்தின் வயிற்றிற் பிறந்தது.

இரண்டாவதாக, இயற்கையானது யாவும் நன்மையானது என்னும் நம்பிக்கையைப் பரிசீலிப்போம். விறகடுப்பைக் காட்டிலும் இயற்கையானது எது? நகரத்து உணவகங்கள் சில, விறகடுப்பிற் சமைத்த உணவு என்று இன்று விளம்பரம் செய்கின்றன. ஆனால், வீட்டினுள் எரியும் அடுப்புப் புகை முதலியவற்றால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் இறந்தனர் என உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டுள்ளது. பெரட்டுக்குப் போகுமுன் விடியற்காலையில் எழுந்து, புகைபோக்கியற்ற லயத்துக் குசினியில் ஈரவிறகை ஊதி ஊதி எரிக்கும் பெண்ணின் நுரையீரலுக்குள் செல்வது எந்த ஆலையிலும் உற்பத்தியான இரசாயனம் அன்று, இயற்கையான புகையே. அருகில் உறங்கும் குழந்தையும் அதனையே சுவாசிக்கின்றது. இரவில் நுளம்புச் சுருள் வேறு புகைகின்றது. ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள்கள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவினை ஒத்தவை என 2003இல் வெளியான ஓர் ஆய்வு கூறிற்று. எனவே இல்லத்து நஞ்சு பற்றிய பேச்சு இயற்கை, செயற்கை என்ற பாகுபாட்டில் தொடங்குவது தவறு. எது, யாரை, எவ்வளவு தாக்குகின்றது என்ற கணக்கில் அது தொடங்க வேண்டும்.

மூன்றாவதாக, இயற்கைக்குத் திரும்புதல் ஓர் அரச ஆணையாக வந்த கதையை நாம் அனைவரும் அனுபவித்திருக்கின்றோம். 2021 மே மாதம் வெளியான வர்த்தமானி அறிவித்தலொன்று இரசாயனப் பசளைகளினதும் விவசாய இரசாயனங்களினதும் இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்தது. நஞ்சற்ற உணவு மக்களின் உரிமை என்பதே அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். அதனைச் சொல்வதற்கு அரசுக்கு ஒரு நாள் போதுமானதாக இருந்தது. தம்புள்ளையிலும் கலேவெலயிலும் பெரிய வெங்காயம் செய்கை பண்ணும் விவசாயிக்கோ, மண்ணைத் தயார்படுத்த ஒரு போகம்தானும் தரப்படவில்லை. கூட்டெரு எங்கிருந்து வரும், யார் செய்வார், விளைச்சல் குறைந்தால் கடனை யார் தீர்ப்பார் என்ற வினாக்களுக்கு விடையிருக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் தடை தளர்த்தப்பட்டது. அதற்குள் பெரும்போகம் கைநழுவியிருந்தது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, 2022இல் சுமார் 25 கோடி கிலோவாக வீழ்ந்தது. எரிபொருள் நெருக்கடி போன்ற பிற காரணங்களும் அவ்வீழ்ச்சிக்கு உண்டெனினும், பசளையின்மையின் பங்கினை மறுப்பதற்கில்லை. பசளையற்ற செடியில் கொழுந்து குறைந்தபோது நாட்சம்பளத்துக்குரிய நிறையை எடுக்க முடியாமல் தவித்தவர் யார் என்பதைத் தோட்டத்திற் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இத்தோல்வியின் பின்னர் இன்னொரு கூட்டம் தலையெடுத்துள்ளது. நஞ்சு குறைய வேண்டும் என்று யாரேனும் வாய் திறந்தால், 2021ஐ மறந்துவிட்டீரா என்று நகைப்பதே இவர்களது வேலை. நஞ்சைக் குறைக்கவே முடியாது, குறைத்தாற் பட்டினிதான் என்று இவர்கள் முடிவு கட்டிவிட்டனர். முதற் கூட்டத்தாரைக் காட்டிலும் இவர்களே ஆபத்தானவர்கள். ஏனெனில், இவர்களது கூற்றைப் பொய்ப்பிக்கும் வரலாறு இந்நாட்டிலேயே உண்டு.

1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைநாசினிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் இந்நாடு கொடிய நஞ்சுகளை ஒவ்வொன்றாக விலக்கி வந்தது. 1984இல் பரத்தியோனும் மீதைல் பரத்தியோனும் தடைசெய்யப்பட்டன. 1995இல் மிகக் கொடிய வகுப்பைச் சேர்ந்த எஞ்சிய பீடைநாசினிகள் விலக்கப்பட்டன. 1998இல் எண்டோசல்பான் சென்றது. 2008 முதல் 2011 வரையான காலத்தில் பரக்குவாட் உட்பட மூன்று நஞ்சுகள் படிப்படியாக நிறுத்தப்பட்டன. 1995இல் இந்நாட்டில் இலட்சம் பேருக்கு 47 பேர் என்ற உச்சத்தில் நின்ற தற்கொலை விகிதம், அடுத்த இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. 2015 வரையான காலத்தில் சுமார் 93,000 உயிர்கள் இவ்வாறு காக்கப்பட்டன என ஆய்வாளர் கணித்துள்ளனர். கைக்கெட்டிய தூரத்தில் கொடிய நஞ்சு இல்லாமற் போனதால், ஒரு கணத் துயரத்தைக் கடந்து இன்றும் வாழ்வோர் எத்தனையோ பேர். இத்தடைகளால் நெல் விளைச்சல் குறைந்ததாகவும் சான்றில்லை. எந்தக் குடும்பமும் இயற்கை வாழ்வு பற்றிய நூலைப் படித்து இதனைச் சாதிக்கவில்லை. எது முதலில், எது அடுத்து, எதற்கு மாற்று எது என்று ஆராய்ந்து, விற்பனை நிலையத்தின் தட்டிலேயே நஞ்சைத் தடுத்த சட்டம் அதனைச் சாதித்தது. படிப்படியாக என்ற சொல்லுக்கு இதுவே பொருள். அது சோம்பலின் மறுபெயரன்று; ஒழுங்கின் பெயர்.

இவ்வொழுங்கு மீறப்பட்ட இடங்களில் சுமை யார் தலையில் விழுந்தது என்பதும் சிந்திக்கற்பாலது. 2015இல் கிளைபோசேட் களைநாசினி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. தோட்டங்களோ களையெடுக்கும் ஆட்களைக் கூட்டவில்லை. வேறு களைநாசினிகளை நாடின. அவற்றின் எச்சம் தேயிலையில் இருப்பதாக ஜப்பானிலிருந்து முறைப்பாடு எழுந்தபோது அதிகாரிகள் விழித்துக்கொண்டனர். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் கிளைபோசேட் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. தொலைதேசத்துத் தேநீர்க் கோப்பையில் உள்ள நஞ்சை அளக்கக் கருவியும் சட்டமும் உண்டு. முதுகில் மருந்துத் தாங்கியைச் சுமந்து, நனைந்த சட்டையோடு லயத்துக்குத் திரும்பும் தொழிலாளியின் வீட்டில் உள்ள நஞ்சை அளந்தவர் யார்? அச்சட்டை குழந்தையின் துணியோடு ஒரே வாளியில் ஊறுகின்றது. வெறுமையான மருந்துக் கலன் கழுவப்பட்டு மண்ணெண்ணெய்க்கும் நீருக்கும் பாத்திரமாகின்றது. உண்பவனின் நாவுக்குக் காவல் உண்டு; உழைப்பவனின் தோலுக்குக் காவல் இல்லை.

கூரையின் கதை இன்னும் கசப்பானது. அஸ்பெஸ்டோஸ் எவ்வகையாயினும் புற்றுநோயை விளைவிக்கும் என்பது மருத்துவ உலகின் முடிவு. நீலநிற அஸ்பெஸ்டோஸை 1987இலேயே விலக்கிய இலங்கை, எஞ்சியதையும் 2018 முதற் கட்டுப்படுத்தி 2024இல் ஒழிக்கத் திட்டமிட்டிருந்தது. 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியில் வண்டு காணப்பட்டதாகக் கூறி, இலங்கைத் தேயிலை இறக்குமதியை ரஷ்யா இடைநிறுத்தியது. அஸ்பெஸ்டோஸை ஏற்றுமதி செய்யும் நாடும் அதுவே. சில நாட்களுக்குள் இலங்கை அரசு தனது கட்டுப்பாட்டைத் தள்ளிவைத்தது. தேயிலைச் சந்தையும் திறந்தது. தேயிலையைப் பறிக்கும் மக்கள் வாழும் வீடுகளின் கூரை, அத்தேயிலையின் பெயராலேயே பேரம் பேசப்பட்டது. ஒரு குடும்பம் தேங்காய் நாராலும் சாம்பலாலும் பாத்திரம் துலக்கி எவ்வளவு இயற்கையாக வாழ்ந்தாலும், தலைக்கு மேலுள்ள தகட்டைத் தீர்மானிக்கும் பேரத்தில் அதற்கு இடமில்லை.

இது எமது நாட்டுக்கு மட்டும் உரிய நிலையன்று. கேரளத்துக் காசர்கோட்டில் அரசுக்குரிய முந்திரித் தோட்டங்களின் மீது இருபது ஆண்டுகளுக்கு மேலாக, 2000ஆம் ஆண்டு வரை, வானிலிருந்து எண்டோசல்பான் தூவப்பட்டது. கிணறும் முற்றமும் குழந்தையின் தொட்டிலும் ஒன்றாகவே நனைந்தன. அங்குள்ள தாய்மாரிடம் வீட்டிலுள்ள நஞ்சைக் குறையுங்கள் என்று உபதேசிப்பது எத்துணைக் கேலியாக இருந்திருக்கும்! அவர்கள் போராடினர், நீதிமன்றம் சென்றனர். 2011இல் இந்திய உச்ச நீதிமன்றம் அந்நஞ்சை நாடு முழுவதும் தடைசெய்தது.

அங்ஙனமாயின் குடும்பம் செய்யத்தக்கது எதுவுமில்லையா என வினவலாம். உண்டு, அதற்கும் ஒரு வரிசை உண்டு. மருந்துக் கலனை உறங்கும் அறையிலிருந்தும் குசினியிலிருந்தும் வெளியேற்றிப் பூட்டி வைப்பதும், வெறுங்கலனை எதற்கும் பயன்படுத்தாதிருப்பதும் முதற் படி. மருந்தடித்த உடையை வேறாகத் துவைப்பது இரண்டாம் படி. அடுப்பு மூட்டப் பொலித்தீன் பையைக் கொளுத்தும் வழக்கத்தை நிறுத்துவது மூன்றாம் படி. இதற்குக் காசு வேண்டியதில்லை. விறகை உலர்த்தி எரிப்பதும், 1980கள் முதல் இந்நாட்டில் வழங்கிவரும் அனகி மண் அடுப்பைப் பயன்படுத்துவதும் விறகையும் புகையையும் ஒருங்கே குறைக்கும். நீர் தேங்கும் பாத்திரங்களைக் கவிழ்த்து நுளம்பு வலையைக் கட்டினால் சுருளின் தேவை குறையும். கொதிக்கும் சோற்றைப் பொலித்தீனிற் கட்டுவதை விட்டு வாழையிலைக்குத் திரும்புவது அதன் பின்னர் வரட்டும். வல்லாரையும் பொன்னாங்காணியும் முருங்கையும் வளர்ப்பது நன்றே. ஆனால் அதற்கு நிலம் வேண்டும்.

இங்கேதான் உபதேசம் நின்று, அரசியல் தொடங்குகின்றது. காணியுறுதி இல்லாத குடும்பம் எந்த மண்ணை நஞ்சின்றிப் பேணும்? நிர்வாகத்தின் அனுமதியின்றிச் சுவரில் ஒரு துளையிட முடியாதவர் புகைபோக்கியை எங்கே அமைப்பார்? ஆகவே லயத்துக் குடும்பத்தின் இயற்கை வாழ்வுக்கான முதற் கோரிக்கை காணியுரிமையும் தனி வீடுமே. அவ்வீட்டுக்கு அஸ்பெஸ்டோஸ் அல்லாத கூரையும் புகைபோக்கியுடன் கூடிய குசினியும் வேண்டும். மருந்தடிப்போருக்குப் பாதுகாப்பு உடையும், வேலைத்தலத்திலேயே குளித்து உடைமாற்றும் வசதியும், வெறுங்கலன்களைத் திரும்பப் பெறும் ஒழுங்கும் தோட்ட நிர்வாகங்களின் கட்டாயக் கடமையாக்கப்படல் வேண்டும். பசளையையும் பீடைநாசினியையும் குறைப்பதற்கு, மண்ணையும் பயிரையும் பார்த்துப் போகம் போகமாக வகுத்த திட்டம் வேண்டும். நள்ளிரவு வர்த்தமானி அதற்கு ஈடாகாது.

பல்கலைக்கழகத்தாராகிய எமக்கும் இதிற் பங்குண்டு. பீடைநாசினிகளின் பதிவாளர் அலுவலகம் இயங்குவதும் பேராதனையிலேதான். விஞ்ஞான பீடத்தார் அளக்கட்டும். மருத்துவ பீடத்தார் பரிசோதிக்கட்டும். கலைப் பீடத்தாராகிய நாம், ரத்தோட்டையிலும் உக்குவளையிலும் உள்ள லயங்களுக்குச் சென்று, எந்த வீட்டில் எந்த நஞ்சு, எவ்வழியால் வந்தது என்று கேட்டு எழுதலாம். அளக்கப்படாத நஞ்சுக்கு எவரும் பொறுப்பேற்பதில்லை. தூய உணவும் தூய காற்றும் சந்தையில் விலைக்கு விற்கப்படும் வரையில், அவை வாங்க இயன்றவர்களுக்கு மட்டுமே கிட்டும். அவை உரிமையாக்கப்படும் நாளிலேதான் கடைசி லயத்துக் கடைசிக் காம்பிராவில் உறங்கும் குழந்தையும் அவற்றைப் பெறும். அந்நாளை நோக்கிப் படிப்படியாகச் செல்வோம். ஆனால் முதற் படியை இன்றே வைப்போம்.