அல்வா ஊர்க்காரனும் ஒரு சிட்டிகை பெருங்காயமும்

எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலி. இதைச் சொன்னதும் எதிராளி கேட்கிற முதல் கேள்வி, "அல்வா எங்கே சார்?" என்பதுதான். நானும் முப்பத்து மூன்று வருஷம் சளைக்காமல் வாங்கிக் கொடுத்தேன். பொட்டலம் பிரிக்கும்போது பாதியை நானே தின்றேன். அதற்கப்புறம் ஒருநாள் சென்னையில் ஒரு டாக்டர் என் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "இனிமேல் நீங்க கோதுமை பக்கமே தலைவெச்சுப் படுக்கக் கூடாது" என்றார்.

"அல்வா, டாக்டர்?"

"அது எதுல பண்றாங்க?"

"கோதுமைப் பால்ல..."

"அப்புறம் என்ன சார் கேள்வி?"

ஒரு மனுஷனை ஊரை விட்டுத் தள்ளி வைக்க இப்படியும் ஒரு வழி இருக்கிறது!

அதற்கு முன்னால் ஆறேழு வருஷம் வயிற்றோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தேன். உப்புசம். காலையில் நாலு நடை. எடை 51 கிலோவைத் தாண்ட மறுத்தது. ரத்தசோகை வேறு. விழுங்கிய இரும்புச் சத்து மாத்திரைகளைச் சேர்த்து வைத்திருந்தால் தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை இன்னொரு தண்டவாளம் போட்டிருக்கலாம். எல்லோரும் "கேஸ்" என்றார்கள். கடைசியில் இந்த டாக்டர்தான் ரத்தப் பரிசோதனை, எண்டோஸ்கோப்பி, சிறுகுடலில் துளியூண்டு சதை என்று எடுத்துப் பார்த்து பெயரைச் சொன்னார். சீலியாக்!

விஷயம் இதுதான். கோதுமை, பார்லி, ரை என்ற மூன்று தானியங்களில் குளூட்டன் என்று ஒரு புரதம் இருக்கிறது. பரோட்டா மாஸ்டர் வீசுகிற வீச்சுக்கு மாவு கிழியாமல் வேட்டி மாதிரி விரிகிறதே, அந்த மகிமை குளூட்டனுடையது. என் உடம்புக்கு அதைக் கண்டால் ஆகாது. எதிரி வந்துவிட்டான் என்று சண்டைக்குக் கிளம்பும். அடி விழுவதோ என் குடலுக்கு. உள்சுவரில் குட்டிக் குட்டி விரல்களாக நீட்டிக்கொண்டு சத்தை உறிஞ்ச வேண்டியவை எல்லாம் மழுங்கிப் போய்விடும். பி.காம். பாஷையில் சொன்னால், பணம் கட்டியாயிற்று, சலான் கையில் இருக்கிறது, பாஸ்புக்கில் மட்டும் ஏறவில்லை.

வட இந்தியாவில் சுமாராக நூறு பேருக்கு ஒருவருக்கு இது இருக்கிறதாம். தெற்கே ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் என்று 2016-ல் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்கிறது. எம்.ஜி.ஆர். பட டைட்டில் எனக்கு இப்படியா கிடைக்க வேண்டும்?

(இதைப் படித்துவிட்டு, 'எனக்கும் வயிறு கடமுடா என்கிறதே' என்று நாளைக்கே சப்பாத்தியை நிறுத்தி விடாதீர்கள். கோதுமையை நிறுத்திவிட்டுச் சோதனைக்குப் போனால் வியாதி இருந்தாலும் அகப்படாமல் போகலாம். முதலில் சோதனை, அப்புறம் பத்தியம்.)

மூன்று வேளைச் சாப்பாட்டில் எனக்குப் பெரிய கஷ்டமில்லை. இட்லி, தோசை, சோறு என்று அரிசி நாட்டில் பிறந்த புண்ணியம். என் எதிரி, சாயங்காலம் நாலு மணி.

எழுத்து மட்டும் வீட்டு வாடகை கொடுக்காது என்பதால் மாதத்தில் பத்து நாள் ஒரு ஆடிட்டர் நண்பனின் ஆபீஸில் ஜி.எஸ்.டி. கணக்குப் பார்க்கிறேன். அங்கே நாலு மணிக்கு டீயோடு சமோசா வரும். மைதா. செவ்வாய்க்கிழமை பப்ஸ். அதுவும் மைதா. யாருக்காவது பிறந்தநாள் என்றால் கேக். தினமும் வரும் பிஸ்கட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கடலை மாவு பஜ்ஜி வந்த அன்று துள்ளிக் குதித்து இரண்டு தின்றேன். ராத்திரி வயிறு பாடம் எடுத்தது. மறுநாள் கடையில் போய் நின்று பார்த்தால் சமோசாவும், மைசூர் போண்டாவும், என் பஜ்ஜியும் ஒரே எண்ணெய்ச் சட்டியில் சமத்துவமாக நீந்திக் கொண்டிருந்தன.

"ஒண்ணு சாப்பிட்டா என்னாகும் சார்?" என்று டைப்பிஸ்ட் தம்பி கேட்பான். வாஸ்தவமான கேள்விதான். பதில் சொல்ல ஆரம்பித்தால் டீ ஆறிவிடும். "வேணாம்ப்பா, பசிக்கல" என்பேன். பசியோடு 'பசிக்கல' என்று சொல்லிப் பாருங்கள், தெரியும்.

சூப்பர் மார்க்கெட்டில் குளூட்டன் இல்லாத பிஸ்கட் என்று ஒரு பாக்கெட் வாங்கினேன். கிலோவுக்கு 20 மில்லிகிராம் குளூட்டனைத் தாண்டக் கூடாது என்று அதற்கு அரசாங்க விதியே இருக்கிறது. ருசிக்குத்தான் விதி எதுவும் இல்லை போலிருக்கிறது. விலை, சாதா பிஸ்கட்டைப் போல் மூன்று மடங்கு. பிஸ்கட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு அட்டைப்பெட்டியைத் தின்றிருக்கலாம்.

அப்போதுதான் என் வீட்டுக்காரி ஒரு வார்த்தை சொன்னாள். "ஏங்க, உங்க தெக்கத்திச் சீமையில இல்லாத பலகாரமா? அல்வாவை விட்டா வேற ஊரே கெடையாதா?"

அட, ஆமாம்! தூத்துக்குடி மக்ரூன் என்ன? முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி. மைதாவுக்கு அங்கே வேலையே இல்லை. வாயில் போட்டால் முதலில் 'பொறுக்' என்று ஒரு சத்தம், அப்புறம் ஆள் அட்ரஸ் இல்லாமல் கரைந்து போகும். கோவில்பட்டி கடலைமிட்டாய்? கடலையும் வெல்லமும். 2020-ல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டது. அப்புறம் எள்ளுருண்டை, பொரி உருண்டை, அதிரசம், குழிப்பணியாரம், அவித்த பனங்கிழங்கு, மெரினாவில் தேங்கா மாங்கா பட்டாணி சுண்டல்... இருபது வருஷம் பப்ஸுக்குப் பின்னால் அலைந்தவனுக்கு அப்போதுதான் சொரணை வந்தது.

எல்லாவற்றுக்கும் சிகரமாக அம்மா ஊரிலிருந்து ஒரு டின் முறுக்கு அனுப்பினாள். பச்சரிசி மாவு, உளுந்து மாவு, எள், வெண்ணெய். டாக்டரிடம் கேட்டேன். "அரிசிதானே, தாராளமா" என்றார். நாலு மணிக்கு மேஜை டிராயரைத் திறந்து 'கடக் முடக்' என்று நான் கடிக்கிற சத்தத்தில் சமோசா கோஷ்டியே திரும்பிப் பார்க்கும். மாதம் ஒரு டின் வந்தது. ராஜ வாழ்க்கை!

ஆறு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை. இறங்கியிருக்க வேண்டிய நம்பர் இறங்கவில்லை. எடையும் ஏறவில்லை.

"ரகசியமா பரோட்டா சாப்பிடறீங்களா?" டாக்டர் போலீஸ் மாதிரி கேட்டார். இல்லை என்று சத்தியம் பண்ணினேன். ஆடிட் ஆரம்பமாயிற்று. சமையலறையில் உள்ள ஒவ்வொரு டப்பாவையும் இறக்கி வீட்டுக்காரி கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். உளுந்து, பாஸ். மிளகாய்த்தூள், பாஸ். நாலாவது டப்பாவில் நின்றாள்.

"இங்க பாருங்க."

பெருங்காயம்!

பெருங்காயம் என்றால் முழுக்கப் பெருங்காயம் என்று நினைத்தேன். கிடையாது சார். ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கம் வளரும் ஒரு செடியின் பால் அது. சுத்தப் பெருங்காயம் மூக்கைத் துளைக்கும் சரக்கு என்பதால் மாவும் கோந்தும் கலந்து கூட்டுப் பெருங்காயமாகத்தான் விற்கிறார்கள். சில கம்பெனி அரிசி மாவு கலக்கும். பலதில் கோதுமை மாவு, மைதா. டப்பாவின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் நேர்மையாக அச்சடித்திருக்கிறார்கள், படிக்காதது நம் குற்றம். சாம்பாரில், ரசத்தில், மோரில், முறுக்கில் என்று தினமும் ஆள் மாறாட்டம் செய்து உள்ளே போயிருக்கிறது.

வீட்டில் டப்பாவை மாற்றிவிட்டோம். ஊரில்?

அம்மாவிடம் யார் சொல்வது? இரண்டு நாள் தள்ளிப் போட்டேன். அவளே போன் பண்ணிவிட்டாள்.

"என்னல, முறுக்கு தீந்துட்டா? அடுத்த டின் போடட்டா?"

"அம்மா... அதுல பெருங்காயம் போடுவேல்ல?"

"பெருங்காயம் இல்லாம முறுக்கா? அதுதான வாசன!"

மென்று முழுங்கிச் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கட் ஆகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். ஆகவில்லை.

"அப்ப இத்தன வருசமா நாந்தான் ஒனக்கு..."

"சீச்சீ, நீ போட்டது ஒரு சிட்டிகைம்மா. நான் தின்ன பரோட்டாவுக்குக் கணக்கே கெடையாது."

"சரி, வைய்யி" என்று வைத்துவிட்டாள். பத்து நாள் பேச்சில்லை. நான் பண்ணினால், "குளிக்கேன்", "கோயிலுக்குப் போறேன்". அந்தப் பத்து நாள் நாலு மணிக்குக் கடலைமிட்டாய் கூட இறங்கவில்லை.

பதினோராவது நாள் பார்சல் வந்தது. புது எவர்சில்வர் டின். மேலே பிளாஸ்திரி ஒட்டி என் பெயர். உள்ளே முறுக்கு, கூடவே காலண்டர் தாளின் பின்னால் ஒரு சீட்டு. 'பெருங்காயம் போடல. பூண்டும் சீரகமும் அரச்சு ஊத்திருக்கேன். வாசன இல்லன்னா என்னச் சொல்லாத.'

போன் பண்ணினேன். "எப்படிம்மா மாவு அரைச்சே?"

"மில்லுக்குக் குடுக்கல. அங்க கோதும அரச்ச பொறவுதானல நம்ம அரிசியப் போடுவான்? வீட்டுலயே மிக்ஸில திரிச்சு மூணு தடவ சலிச்சேன். அச்சும் புதுசு, எண்ணெயும் புதுசு."

மில்! எனக்குத் தோன்றவில்லை, டாக்டருக்குத் தோன்றவில்லை. அறுபத்தாறு வயசில் மிக்ஸிக்கு முன்னால் உட்கார்ந்து சலித்தவளுக்குத் தோன்றியிருக்கிறது.

இப்போது எடை 57. ஆபீஸில் நிலைமைதான் தலைகீழ். நாலு மணிக்கு டின்னைத் திறந்தால் பூண்டு வாசனைக்கு சமோசா கோஷ்டி மொத்தமும் என் மேஜையைச் சுற்றி நிற்கிறது. சமோசா துகள் ஒட்டிய கையை உள்ளே விட்டால் அம்மாவின் மூன்று சலிப்பும் வீண். அதனால், "கை கழுவிட்டு வாங்கய்யா!" என்று சட்டம் போட்டேன். வாஷ்பேசினில் கியூ. முதல் ஆள் ஆடிட்டர்.

நேற்று கணக்குப் பார்த்ததில், எண்பது முறுக்கில் நான் தின்றது பதினொன்று.

"இவ்வளவு சீக்கிரம் தீந்துட்டா?" என்றாள் அம்மா போனில். குரலில் சிரிப்பு.

"ஆமாம்மா. பசி ஜாஸ்தியாயிடுச்சு" என்றேன்.